மெலித்தோன் குறுக்கே போகவில்லை

“குடிச்சான்னு சொல்லு ஹொர்தென்சியா, ஒத்துக்கறேன். கண்ணுல பட்ட பொம்பளைக்கெல்லாம் பாட்டுக் கட்டுனான்னு சொல்லு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா மெலித்தோன் குறுக்கே போனான்னு இன்னொரு தடவை சொன்னே, இந்த வாளித் தண்ணி உன் தலையிலதான்.”

“போனான், காந்தே. ஊரே பாத்துச்சு. அந்த அவமானம் தாங்காமத்தான் பின்சுவர் ஏறிக் குதிச்சு ஓடிட்டான்.”

“நீ பாத்தியா?”

“எங்க சின்னம்மா பாத்தா.”

“உங்க சின்னம்மாவுக்குப் பார்வை ஒரு கண்ணுலதான். அந்தக் கண்ணும் அன்னைக்குப் பூரா பொரிச்ச பன்னிக்கறி மேலதான் இருந்துச்சு.”

இன்று காலை எங்கள் வளவின் குழாயடியில் நடந்த பேச்சு இது. வாளியை நான் கவிழ்க்கவில்லை. குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், அதை ஹொர்தென்சியா மேல் வீணாக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பதில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுதத் தெரிந்தவள் எழுதிக்கொள்ளட்டும், அழகுபடுத்துகிறேன் என்று எதையும் மாற்ற வேண்டாம்.

எங்கள் மத்தான்சாஸ் ஊரில் ஒருவன் பெண்டாட்டியை விட்டு ஓடினால் மன்னிப்பு உண்டு. கடை வாடகையைச் சீட்டாடித் தொலைத்தவனுக்கும் ஈஸ்டருக்குள் மன்னிப்பு கிடைத்துவிடும். ஆனால் பாடும்போது குறுக்கே போனவனுக்குக் கிடையாது. எங்கள் ரும்பா ஆட்டபாட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு சிறு கட்டைகள் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று தட்டினால் ஒரு பக்கம் மூன்று அடி, மறு பக்கம் இரண்டு அடி: டக்... டக்... டக், டக் டக். முரசு, பாட்டு, ஆட்டம் எல்லாம் அதன்மேல்தான் உட்கார வேண்டும். மூன்றில் உட்கார வேண்டிய பாட்டு இரண்டில் போய் உட்கார்ந்தால் அதுதான் குறுக்கே போவது. இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு கல்யாண ஊர்வலத்தில் நடப்பது போல. கட்டையைப் பிடித்திருப்பவர் வயதில் பெரியவர் என்றால் அவர் அடிப்பதே சட்டம். அவர் எங்கே போகிறாரோ அங்கே எல்லோரும் போக வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும், மீதி தானாகப் புரியும்.

மெலித்தோன் எனக்கு அடுத்த அறையில் பிறந்தவன். என்னை அக்கா என்பான். அவன் நடக்கப் பழகியதே பலசரக்குக் கடையின் கருவாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான். வெளிநாட்டிலிருந்து உப்புமீன் வருகிற அந்த மரப்பெட்டியைக் கழுவிக் காயவைத்துத் தட்டினால் தரையே பேசும். சின்னக் குரலுக்கு மெழுகுவத்திப் பெட்டி. இரண்டும் கிடைக்காதபோது அவன் அம்மாவின் அலமாரி இழுப்பறை. பாவம் தொமாசா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பி அலமாரியைத் திறந்தால் இழுப்பறை இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும், உள்பாவாடை ஒன்றுகூட இருக்காது.

“டேய் கருவாட்டுப் பெட்டி! என் மானத்தை எங்கடா கொட்டி வச்சிருக்கே?”

“கட்டிலுக்கு அடியிலம்மா. பத்திரமா இருக்கு.”

கருவாட்டுப் பெட்டி என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வளர்ந்ததும் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கப் போனான். குரலில் கொஞ்சம் மணலும் கொஞ்சம் கரும்புப் பாகும் கலந்திருந்தது. மூட்டையோடு நடக்கும்போது பாடுவான், மற்றவர்கள் பதில் பாடுவார்கள். ஒருநாள் கிழவர்கள் ஆடும் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்தான். அத்தனை பேரும் மெதுவாக நடந்தார்கள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஏதாவது வேகமாப் பாடுய்யா, கப்பல் கிளம்பணும்!” என்று கத்தினார். இவன் வேகமாக ஒன்றை எடுத்தான். கூட்டம் பலகை மேல் ஓட, பலகை துள்ள, மூட்டைகள் கடலில் விழுந்தன. அன்று சாயங்காலம் வரை அந்தப் பக்கத்து மீன்கள் கரையை விட்டுப் போகவில்லை என்பார்கள். மேஸ்திரி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். மறுவாரம் அவரே வந்து கூப்பிட்டார், பாட்டு இல்லாமல் ஆட்கள் மூட்டையைத் தொடவே மாட்டோம் என்றுவிட்டார்களாம்.

கல்யாணம் ஆனபோது எவுலாலியாவின் அப்பா அலமாரி வாங்கப் பணம் கொடுத்தார். மெலித்தோன் தச்சன் கடைக்குப் போய் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தான். ஆளுயரக் கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று இருந்தது, அதை வேண்டாம் என்றான். ஒரு கால் குட்டையான தேவதாரு அலமாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் கதவு இன்றுவரை மூடியதில்லை.

“கண்ணாடி எங்க?” என்று எவுலாலியா அழுதாள்.

“கண்ணாடிக்குக் குரல் கிடையாது லாலா. இதைக் கேளு.”

தட்டினான். அழுதுகொண்டே இருந்தவளின் தோள் அசைந்தது. அவளும் மத்தான்சாஸ்காரிதானே.

அந்தக் காலத்தில் முரசுச் சத்தம் கேட்டால் போலீஸ் வரும். ரொபாய்னா என்று ஒரு ஏட்டையா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் காலோடு முற்றத்துக்குள் வந்து நின்றார்.

“இங்க முரசு அடிக்கறதா புகார் வந்திருக்கு.”

“முரசா? நல்லாத் தேடிப் பாருங்க ஐயா,” என்றான் மெலித்தோன்.

அவர் தேடினார். கருவாட்டுப் பெட்டியில் மலாங்கா கிழங்கு இருந்தது. இழுப்பறையில் எவுலாலியாவின் உள்ளாடைகள் இருந்தன. ஏட்டையா காது சிவந்து இழுப்பறையை மூடினார்.

“அப்போ வீதி முழுக்கக் கேட்ட சத்தம்?”

“அலமாரியில பூச்சி ஐயா. தட்டி விரட்டறோம்.”

“பூச்சியைத் தாளம் போட்டா விரட்டுவீங்க?”

“மத்தான்சாஸ் பூச்சி ஐயா. வேற எதுக்கும் அசையாது.”

அடுத்த ஞாயிறு அவர் சீருடை இல்லாமல் வந்தார். பூச்சி போய்விட்டதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். பிறகு எல்லா ஞாயிறும் அதே கவலையோடு வந்தார்.

இப்போது சிரியாக்கோ கிழவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலித்தோனின் ஞானத்தகப்பன். பதிரினோ என்று கூப்பிடுவான். வாழ்நாள் முழுக்க ரம் பீப்பாய்க்கு இரும்பு வளையம் அடித்தவர். அந்தச் சுத்தியல் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? “எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் முணுமுணுக்கறீங்க” என்பார். எங்கள் பேட்டையின் கட்டைகள் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். குளிக்கும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்.

மெலித்தோனுக்கு முப்பது நெருங்கிய வருஷம். எங்கள் ஆட்களின் சங்க மண்டபத்தில் ஆண்டு விழா நடனத்துக்கு ஹவானாவிலிருந்து வால்தெவீசோ என்பவரின் பெரிய வாத்தியக் குழு வந்திருந்தது. வந்த களைப்பில் அவர்களுடைய பாடகன் ஐஸ் போட்ட கரும்புச்சாற்றைக் குவளை குவளையாகக் குடித்துத் தொண்டையைக் கட்டிக்கொண்டான். “உங்க ஊர்ல பாடறவன் எவனாவது இருக்கானா?” என்று கேட்டதற்கு மண்டபமே ஒரே பெயரைச் சொன்னது. கழுத்துப்பட்டை இல்லாமல் மேடை ஏறக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். பட்டையை ரொபாய்னா கொடுத்தார். கோட்டைக் கொடுத்தவன் மீன்காரன் பசிலியோ. அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

பாடினான். அன்று அவன் பாடியதைப் பற்றி ஹொர்தென்சியாவின் சின்னம்மா ஏன் ஒன்றும் சொல்வதில்லை? ஆடியவர்கள் வெயிலில் வைத்த மெழுகு போல உருகி நின்றார்கள். வால்தெவீசோ வாயில் இருந்த சுருட்டைப் பற்றவைக்க மறந்துவிட்டார்.

கடைசியாக ஒரு ரும்பா. ஊர்ப் பெரியவருக்கு மரியாதை செய்யவேண்டும் என்று சிரியாக்கோவை மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கட்டையை நீங்களே அடியுங்கள் என்றார்கள். அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். அதனால்தான் எனக்குத் தெரியும்.

பாட்டு நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஆடிய ஒருத்தி முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தாளா, மூட்டையையே கவிழ்த்திருந்தாளா தெரியாது. அவள் ஒரு சுற்றுச் சுற்றியதும் கிழவர் தும்மினார். தும்மியதில் கை நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது மூன்று இருக்கவேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டார்.

எக்காள வாத்தியங்களின் சத்தத்தில் கட்டை யாருக்கும் கேட்கவில்லை. வாத்தியக்காரர்கள் பழைய பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். மெலித்தோனுக்கு மட்டும் கேட்டது. திரும்பிக் கிழவரைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். ஒரு மூச்சு எடுத்தான், பாட்டைத் தூக்கிக் கிழவரின் பக்கத்தில் வைத்தான். கட்டை பிடித்தவர் சட்டம். வேறென்ன செய்வான்?

மண்டபத்துக்குக் கேட்டது அவனுடைய பெரிய குரல் மட்டும்தான். வாத்தியங்கள் ஒரு பக்கம், அவன் மறு பக்கம். முரசுக்காரன் தடுமாறினான், எக்காளக்காரன் நிறுத்தினான், ஆடியவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். எங்கிருந்தோ ஒரு குரல், “குறுக்கே!” என்றது. பிறகு எல்லாக் குரலும் அதையே சொன்னது.

“என்ன ஆச்சு? என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் கிழவர்.

சங்கத்தின் காரியதரிசி குனிந்து அவர் காதில் கத்தினார். “மெலித்தோன் குறுக்கே போயிட்டான்!”

கிழவர் எழுந்தார். வீடு வருகிற வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை.

“நான் பாறை மாதிரி உக்காந்து அடிக்கறேன். பக்கத்துலயே நின்னுக்கிட்டு குறுக்கே போறியேடா! உனக்கு ஞானஸ்நானம் பண்ணினப்ப தண்ணியைத் தலையில ஊத்துனாங்களா, காதுல ஊத்துனாங்களா? உனக்குக் காது கேக்காதா?”

மெலித்தோன் தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சிடுங்க பதிரினோ” என்றான்.

“என்ன முணுமுணுக்கறே?”

மறுநாள் காலையில் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்டா வாயைத் திறக்கல?”

“என்னன்னு சொல்லச் சொல்றே அக்கா? அவருக்குப் பல்லு போச்சு, காது போச்சு, பெண்டாட்டி போயிட்டா. அந்த ரெண்டு கட்டைதான் மிச்சம். அதையும் புடுங்கச் சொல்றியா? நீயும் சொல்லக்கூடாது. அவர் இருக்கற வரைக்கும் சொல்லமாட்டேன்னு சாந்தா பார்பரா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். கிழவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. சாந்தா பார்பராவுக்கு நான் பாக்கி ஒன்றும் இல்லை.

அன்றே வால்தெவீசோ வளவுக்கு வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்தார். மெலித்தோனிடம், குழு மெக்சிகோவுக்குக் கப்பல் ஏறுகிறது, கூட வா, பாடவும் முரசு அடிக்கவும் ஒரே ஆள் கிடைத்தால் எனக்கும் ஒரு டிக்கெட் மிச்சம், சனிக்கிழமை மத்தியான ரயிலில் ஹவானா வந்துவிடு என்றார். மெலித்தோன் சின்ன வயதிலிருந்து கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அவன் கேட்டது வேறு.

“நேத்து நடந்தது...?”

“அதுவா! மெக்சிகோவில யாருக்குய்யா தெரியப்போவுது?”

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது அவனுக்கு. தெரியாதவர்கள் மத்தியில் பாடுவதற்கா போகிறான்?

அங்கேதான் மாட்டிக்கொண்டான். கிளம்பினால், அவமானத்தில் ஓடினான் என்று ஊர் சொல்லும். இருந்தால் ரயில் போய்விடும், வால்தெவீசோ வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். பெயரைச் சுத்தம் செய்ய ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவன் சொல்லமாட்டான்.

அந்த வாரம் முழுக்க ஊருக்குக் கொண்டாட்டம். ரொட்டிக்காரன் இவனுக்கு மட்டும் ரொட்டியைத் தலைகீழாகக் கொடுத்தான். முடிதிருத்துபவர் ஒரு பக்க மீசையை வெட்டிவிட்டு, “மறு பக்கம் எதுன்னு உனக்குத் தெரியுமா, நானே கண்டுபிடிக்கட்டுமா?” என்று கேட்டார். கோட்டைத் திரும்ப வாங்க வந்த பசிலியோ செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு முற்றத்தில் வாத்து நடை நடந்து காட்டினான். எல்லோருக்கும் மேலே சிரியாக்கோ. தெருமுனையில் நின்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம், “நான் வளத்த பிள்ளை! என் கட்டையிலேயே குறுக்கே போனான்!” என்று ஒப்பாரி வைத்தார். அவர் பாதிரியாரையும் விடவில்லை.

எவுலாலியாவுக்குப் பொறுக்கவில்லை. “இப்பவே போய் அந்தக் கிழவன் காதுல கத்திட்டு வரேன்.”

“கத்து. கேட்டாத்தானே?” என்றான் மெலித்தோன். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஊரை விட்டுப் போகிறவன் முற்றத்தில் நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் போகவேண்டும், பெரியவர் கட்டை அடிக்கவேண்டும். இது எங்கள் பேட்டை வழக்கம். பாடாமல் போனவன் ஓடிப்போனவன். வெள்ளிக்கிழமை கிழவரே வந்து கைத்தடியால் கதவைத் தட்டினார். “நாளைக்குப் பாடறே. என் கட்டைக்கு. குறுக்கே போனா ரயில் கிடையாது, மூட்டைதான்.”

சனிக்கிழமை காலை முற்றத்தில் இடமில்லை. வழியனுப்ப வந்தவர்கள் பாதி, அவன் மறுபடி விழுவதைப் பார்க்க வந்தவர்கள் மீதி. பசிலியோ மீன் கூடையோடு முன் வரிசையில். ரொபாய்னா, ரொட்டிக்காரன், முடிதிருத்துபவர், சங்கத்துக் காரியதரிசி எல்லோரும் இருந்தார்கள். ஹொர்தென்சியா மட்டும் இல்லை, அக்காளின் பிரசவத்துக்காக கார்தெனாஸ் போயிருந்தாள். ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்கிறவள், நடக்கிற அன்று இருக்கமாட்டாள்.

நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மெலித்தோன் வந்தான். கிழவர் சட்டைப்பையிலிருந்து கட்டைகளை எடுத்தார். டக்... டக்... டக், டக் டக். எக்காளம் இல்லை, மேடை இல்லை. எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும்.

மெலித்தோன் பாட ஆரம்பித்தான். அன்றைக்கென்று அவனே கட்டிய பாட்டு: “போறேன்னு சொல்லல, போறேன்னு சொல்லல, ரயிலைப் பாத்துட்டு வாரேன்...” நாங்கள் கை தட்டினோம். எல்லாம் நேராகப் போனது.

அப்போது என் கோழி, என்னுடைய அந்த மூதேவிக் கோழி, நேராக வந்து செருப்புக்கு வெளியே நீட்டியிருந்த கிழவரின் கால்விரலைக் கொத்தியது.

“ச்சூ! போ சனியனே!” என்று கையை வீசினார். கட்டை நின்றது. மறுபடி எடுத்தார். மூன்றுக்கு இரண்டு.

ஒருவருக்கும் தப்பவில்லை. பசிலியோவின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. கிழவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, பாறை மாதிரி, தப்பாக அடித்துக்கொண்டிருந்தார்.

மெலித்தோனுக்கு வேறொன்றும் செய்யத் தேவையில்லை. பாட்டைப் பழைய பக்கத்திலேயே விட்டிருந்தால் போதும். குறுக்கே போனது யார் என்று கல்லுக்கும் தெரிந்திருக்கும்.

அவன் ‘ரயிலை’ என்ற சொல்லைப் பிடித்து நீட்டினான். நீட்டினான், நீட்டினான், ரயில் ஹவானாவையே தாண்டியிருக்கும், அத்தனை நீளம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறுகிற இடம் வந்ததும் மெதுவாக, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் விடுவது போல, கிழவரின் பக்கத்தில் இறக்கினான். பாட்டு அங்கேயே பிறந்தது போல இருந்தது.

பசிலியோ அவனைப் பார்த்தான். கிழவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் என் கோழியைப் பார்த்தேன்.

அவன்தான் முதலில் கையை மாற்றினான். மீன் செதில் ஒட்டிய அந்தக் கை கிழவரின் பக்கத்துக்குப் போனது. அடுத்து ரொபாய்னா, பிறகு முடிதிருத்துபவர். காரியதரிசிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, படித்த மனிதர். கடைசியில் வளவு முழுக்க, சின்னஞ்சிறிசு வரைக்கும், தப்பான பக்கத்தில் நின்று சரியாகத் தட்டிக்கொண்டிருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொட்டிக்காரன் அழுதான், வெங்காயம் என்றான், வெங்காயம் எதுவும் இல்லை.

கிழவர் கண்ணைத் திறந்து எல்லோரையும் பெருமையாகப் பார்த்தார்.

“பாத்தீங்களா? ஒரு வாரம் திட்டினேன், பையன் நேரா நிக்கறான்! அடிக்காத பிள்ளை படிக்காது!”

“ஆமா பதிரினோ,” என்றான் மெலித்தோன், பாட்டுக்கு நடுவிலேயே.

“முணுமுணுக்காதே! போ! போய்ட்டு வா! எங்க போனாலும் இந்தப் பக்கத்தை விடாதே!”

எவுலாலியா அழுகையும் சிரிப்புமாக அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். இரண்டு மாதத்தில் அவளையும் அழைத்துக்கொண்டான், அதனால் பெண்டாட்டியை விட்டு ஓடினான் என்று எவளாவது சொன்னால் அதுவும் பொய். பசிலியோ ஓடி வந்து கோட்டை மறுபடி அவன் தோளில் போட்டான். “வச்சுக்கோ. மெக்சிகோ முழுக்க நம்ம ஊர் வாசனை தெரியட்டும்.”

பாட்டை நிறுத்தாமல் மெலித்தோன் அறைக்குள் போனான், துணிப்பெட்டியோடு வெளியே வந்தான். முன்வாசலை நோக்கி நடந்தான். கிழவர் அடிக்கிற அந்தப் பக்கத்திலேயே அவன் காலும் விழுந்தது. பட்டப்பகல், முன்வாசல். எந்தச் சுவரையும் அவன் ஏறவில்லை. அவனுடைய மறு கக்கத்தில் என்னவோ இருப்பதை எல்லோருக்கும் முன்னால் எவுலாலியாதான் கவனித்தாள்.

“ஏய் மனுஷா! என் இழுப்பறை!”

அவன் திரும்பவில்லை. துணிப்பெட்டி இருந்த கையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். பின்னால் கட்டை ஒலித்துக்கொண்டிருந்தது. கக்கத்தில் தேவதாரு இழுப்பறையோடு அவன் வாசலைத் தாண்டினான்.